ஒரே நோயாளி, மூன்று எண்கள்

முப்பத்து மூன்று வருடம் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்தேன் என்று சொன்னால் உடனே, "நீங்க எந்த டிபார்ட்மெண்ட் டாக்டர் சார்?" என்று கேட்பார்கள். நான் டாக்டர் இல்லை. மருத்துவப் பதிவேடு பிரிவில் எழுத்தராகச் சேர்ந்து, அதே பிரிவில் கண்காணிப்பாளராக 2012ல் ஓய்வு பெற்றவன். வீட்டுக்குப் போன நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளை வாங்கி, வரிசை பார்த்து, கட்டி, எண் போட்டு அடுக்கி வைக்க வேண்டும். அந்த நோயாளி மறுபடி வந்தால் ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுக்க வேண்டும். தூசியும் கரப்பான்பூச்சியும் நிறைந்த வேலை. ஆனால் மனிதர்களின் வாழ்க்கை முழுக்க அந்த அலமாரிகளில்தான் இருந்தது.

அந்த வேலையில் ஒரு பகுதி, நோய்க்கு எண் போடுவது. உலக சுகாதார நிறுவனம் எல்லா நோய்களுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறது. அந்தப் பட்டியலை ஐ.சி.டி. என்பார்கள். டிஸ்சார்ஜ் தாளில் டாக்டர் எழுதிய நோயின் பெயரைத் தடிமனான புத்தகத்தில் தேடி, எண்ணை ஓரத்தில் குறிக்க வேண்டும். வருடக் கடைசியில் எந்த நோயில் எத்தனை பேர் என்று மேலே கணக்கு போகும். எலும்பு முறிவு என்றால் முறிவு, காசநோய் என்றால் காசநோய். ஒரு வருடம் கழித்து அதே ஆள் அதே தொந்தரவோடு வந்தாலும் பெரும்பாலும் அதே எண்தான் விழும்.

மனநலப் பிரிவுக் கோப்புகளில் மட்டும் இது அடிக்கடி மாறும். அதில் என் மனதைவிட்டுப் போகாத கோப்பு ஒன்று உண்டு. ஆளை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. இருபத்து நான்கு வயதுப் பெண், திருமணமாகி மூன்று வருடம். முதல் தடவை சேர்ந்தபோது டிஸ்சார்ஜ் தாளில் இருந்தது நரம்புத் தளர்ச்சியோடு சேர்ந்த மனச்சோர்வு. அப்போது எங்களிடம் இருந்தது ஐ.சி.டி. ஒன்பதாம் பதிப்பு. 300 என்று எழுதினேன். பத்து மாதம் கழித்து மறுபடி வந்தாள். இந்தத் தடவை வேறு யூனிட், வேறு டாக்டர். அவர் எழுதியது ஆளுமைக் கோளாறு. எண் 301. அடுத்த வருடம் மூன்றாம் முறை. அந்த யூனிட்டில், மனநிலை ஏறி இறங்கும் நோய் என்று எழுதினார்கள். எண் 296. மூன்று கோப்புகளையும் ஒன்றாகக் கட்டும்போது பார்த்தேன். ஒரே பெண், ஒரே ஊர், ஒரே கையெழுத்து. எண்தான் மூன்று.

அவளுடைய அம்மா மருந்துச் சீட்டுக்காக வந்திருந்தபோது எங்கள் ஜன்னலில் நின்று கேட்டார். "ஏன் சார், இவளுக்கு என்னதான் சார்? ஒரு டாக்டர் ஒண்ணு சொல்றாரு, இன்னொருத்தர் வேற சொல்றாரு. யார் சொன்னதை நான் இவ மாமியார் வீட்டுல போய்ச் சொல்றது?"

அந்தக் கேள்வி சாதாரணமானது இல்லை. மாமியார் வீட்டில் ஏற்கெனவே பேச்சு ஆரம்பித்திருந்தது. மனச்சோர்வு என்றால், பாவம், மருந்து சாப்பிட்டால் சரியாகும் என்பார்கள். ஆளுமைக் கோளாறு என்றால், "குணமே கோணல்னு டாக்டரே எழுதிட்டாரு" என்பார்கள். மூன்றாவது பெயரைச் சொன்னால், பரம்பரையில் வேறு யாருக்கு இருக்கிறது என்று கிளறுவார்கள். அந்த அம்மாவுக்கு ஒரு தாளில் எந்த வார்த்தை இருக்கிறது என்பது மகளுடைய பிழைப்பு.

அன்று மாலை கோப்பில் கையெழுத்து வாங்கப் போனபோது யூனிட் சீஃபிடம் இதைக் கேட்டேன். பெரிய மனிதர். ஓர் எழுத்தர் கேட்கிறானே என்று நினைக்காமல் உட்கார வைத்துப் பதில் சொன்னார். "பாருங்க, சர்க்கரைன்னா ரத்தம் எடுத்தா நம்பர் வந்துடும். யார் எடுத்தாலும் அதே நம்பர். ஆளுமைக் கோளாறுன்னா நான் ஒரு மனுஷனோட பத்து வருஷப் பழக்கத்தை அரை மணி நேரத்துல கணிக்கணும். அவ அழுதுகிட்டே வந்த அன்னிக்குப் பாத்தவர் சோர்வைப் பார்ப்பார். சண்டை போட்டுட்டு வந்த அன்னிக்குப் பாத்தவர் குணத்தைப் பார்ப்பார். பொய் யாரும் சொல்லல" என்றார்.

அந்தப் பதில் பாதி புரிந்தது. மீதி ஓய்வுக்குப் பிறகுதான் புரிந்தது. என் அண்ணன் மகள் மனநல மருத்துவராக இருக்கிறாள். "சித்தப்பா, நீங்க ஜன்னல்ல உக்காந்து பாத்ததைத்தான் நாப்பது அம்பது வருஷமா உலகம் முழுக்க எண்ணிக்கிட்டு இருக்காங்க" என்று சொல்லி, சில கட்டுரைகளை எனக்குப் புரியும்படி விளக்கினாள். அதை நம் வயதுக்காரர்களுக்குச் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் நம் வீடுகளில் இப்போது பேரன் பேத்திகளுடைய கோப்புகள் வர ஆரம்பித்துவிட்டன.

முதலில், ஆளுமைக் கோளாறு என்றால் என்ன? கோபக்காரர், கருமி, சந்தேகப் பிராணி என்று நாம் சொல்கிற எல்லோருக்கும் அது கிடையாது. அப்படிப் பார்த்தால் எங்கள் தெருவில் ஒருவர்கூடத் தப்பமாட்டார், என்னையும் சேர்த்து. ஒருவர் தன்னையும் பிறரையும் பார்க்கிற விதம், உணர்ச்சிகளைச் சமாளிக்கிற விதம், பழகுகிற விதம் ஆகியவை இளம் வயதிலிருந்தே நீண்ட காலமாக, பல இடங்களிலும் ஒரே மாதிரி இறுகிப்போய், அதனால் அவருக்கோ சுற்றியிருப்பவர்களுக்கோ உண்மையான துன்பம் வருகிறது என்றால்தான் அந்தப் பெயர். நீண்ட காலம், பல இடங்கள், துன்பம். இந்த மூன்றையும் ஒரு டாக்டர் ஓ.பி.யில் வரிசை நிற்கும்போது எப்படிப் பார்ப்பார்? சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

1962ல் அமெரிக்காவில் ஏரன் பெக் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். மனச்சோர்வுக்குப் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற சிகிச்சை முறையை உருவாக்கியவர் இவர்தான். அனுபவமுள்ள நான்கு மருத்துவர்கள், 153 நோயாளிகள். ஒவ்வொரு நோயாளியையும் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பார்த்தார்கள். குறிப்பிட்ட நோயின் பெயரில் இருவரும் ஒத்துப்போனது 54 சதவீதம். பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

ஏன் ஒத்துப்போகவில்லை என்றும் அதே குழு ஆராய்ந்தது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நோயாளி இரண்டு டாக்டர்களிடம் இரண்டு விதமாகச் சொன்னதால் வந்த வேறுபாடு 5 சதவீதம்தான். டாக்டர்கள் கேட்ட விதமும் எடைபோட்ட விதமும் மாறியதால் வந்தது 32.5 சதவீதம். மீதி 62.5 சதவீதத்துக்குக் காரணம் நோய்களின் பட்டியலே தெளிவாக இல்லாததுதான். எங்கிருந்து எங்கே வரை எந்த நோய் என்று புத்தகமே வேலி போடவில்லை. "பேஷண்ட் மாத்தி மாத்திப் பேசறார்" என்று வார்டில் அடிக்கடி காதில் விழும். அந்தக் கணக்குப்படி நூற்றில் ஐந்துதான் அப்படி.

அடுத்தது இன்னும் வியப்பானது. எழுபதுகளின் ஆரம்பத்தில் சில நோயாளிகளுடைய பேட்டிகளைப் படமாக எடுத்து, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உள்ள மனநல மருத்துவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அதில் ஒருவர் நியூயார்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த இளைஞர். உடல் கோளாறு எதுவும் இல்லாமல் ஒரு கை செயலிழந்திருந்தது. மனநிலை மாறி மாறி இருந்தது. குடிப்பழக்கமும் உண்டு. அமெரிக்க மருத்துவர்களில் 69 சதவீதம் பேர் அவருக்கு மனச்சிதைவு நோய் என்றார்கள். பிரிட்டனில் அப்படிச் சொன்னவர்கள் 2 சதவீதம் பேர். அங்கே பலரும் ஆளுமைக் கோளாறு என்று எழுதினார்கள். ஒரே படம், ஒரே பேச்சு. விமானம் ஏறிக் கடலைத் தாண்டினால் வியாதியின் பெயர் மாறிவிடுகிறது!

பெண் பார்த்துவிட்டு வருகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். போனது ஐந்து பேர். பஜ்ஜி சாப்பிட்டது அரை மணி நேரம். திரும்பி வரும்போது அத்தை, "பொண்ணு ரொம்ப அடக்கம்" என்பார். பெரியப்பா, "கொஞ்சம் திமிர் தெரியுது" என்பார். சின்ன மாமா, "பயந்த சுபாவம் மாதிரி இருக்கு" என்பார். மூவரும் பார்த்தது அந்தப் பெண் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்ததைத்தான். அவரவர் வீட்டில் பார்த்துப் பழகியதை வைத்து அவரவர் கணித்தார்கள். டாக்டர்களும் அவரவர் படித்த பள்ளியை வைத்துக் கணித்திருக்கிறார்கள்.

இந்த ஒத்துப்போதலை அளக்க ஒரு கணக்கு உண்டு. 1960ல் ஜேக்கப் கோஹன் என்பவர் வகுத்தது. காப்பா என்று பெயர். வெறும் சதவீதம் ஏன் போதாது என்பதற்கு ஓர் உதாரணம். இரண்டு டாக்டர்கள் நோயாளியைப் பார்க்காமலேயே, கண்ணை மூடிக்கொண்டு, நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு "நோய் உண்டு" என்று எழுதுகிறார்கள் என்று வையுங்கள். தற்செயலாகவே அவர்கள் 82 பேர் விஷயத்தில் ஒத்துப்போவார்கள். 82 சதவீதம் என்று கேட்டால் நமக்குப் பெரிதாகத் தெரியும். உண்மையில் அதில் திறமை என்பது சுழியம். காப்பா இந்தத் தற்செயலைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் சொல்லும். முழு ஒத்துப்போதல் 1. வெறும் அதிர்ஷ்டம் 0.

1980ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. டி.எஸ்.எம். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ராபர்ட் ஸ்பிட்சர் தலைமையில் வந்த அந்தப் பதிப்பில்தான் ஒவ்வொரு நோய்க்கும் "இத்தனை அடையாளங்களில் இத்தனை இருந்தால்" என்று நிபந்தனை போட்டார்கள். ஆளுமைக் கோளாறுகளுக்குத் தனி இடமும் கொடுத்தார்கள். இஷ்டத்துக்கு எழுதுவது குறைந்தது.

ஆனால் அடையாளப் பட்டியலிலும் ஒரு வேடிக்கை உண்டு. பார்டர்லைன் என்று இப்போது அடிக்கடி கேள்விப்படுகிறோமே, அந்த ஆளுமைக் கோளாறுக்கு ஒன்பது அடையாளங்கள். அதில் ஐந்து இருந்தால் போதும். ஒன்பதில் ஐந்தோ அதற்கு மேலோ எத்தனை விதமாகச் சேர முடியும் என்று பேப்பரில் போட்டுப் பார்த்தேன். 256 விதம். ஒரே பெயர் வாங்கிய இரண்டு பேருக்குள் ஒரே ஓர் அடையாளம் மட்டும் பொதுவாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. "எங்க சொந்தக்காரப் பையனுக்கும் இதேதான்" என்று கல்யாண வீட்டில் ஆறுதல் சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

2013ல் அந்தக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு வந்தபோது வெளியான சோதனை முடிவுகளைப் பாருங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள் சில நாட்கள் இடைவெளியில் தனித்தனியே பார்த்தார்கள். பார்டர்லைன் ஆளுமைக் கோளாறுக்குக் காப்பா 0.54. அதைச் சோதித்த இரண்டு இடங்களில் ஒன்றில் 0.75, இன்னொன்றில் 0.34. மருத்துவமனை மாறினால் ஒத்துப்போதலும் மாறுகிறது. சரி, ஆளுமைக் கோளாறுதான் குழப்பம், மற்றவை தெளிவு என்று நினைத்தால் அதுவும் தவறு. எல்லோருக்கும் தெரிந்த மனச்சோர்வு நோய்க்கு அதே சோதனையில் கிடைத்தது 0.28தான்.

அப்படியானால் இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. அது நம் பக்கத்து ஊரிலேயே சோதிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் ஆளுமைக் கோளாறைக் கண்டறிய ஒரு கேள்வித் தொகுப்பைப் பல நாடுகளில் சோதித்துப் பார்த்து, 1994ல் முடிவுகளை வெளியிட்டது. 11 நாடுகள், 14 மையங்கள், 716 நோயாளிகள். பெங்களூரும் அதில் ஒரு மையம். எல்லா டாக்டர்களும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். "ஆமாம்" என்று நோயாளி சொன்னால் விட்டுவிடக் கூடாது. "எப்போது, எங்கே, ஓர் உதாரணம் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். பிறகு 0, 1, 2 என்று மதிப்பெண். அந்தக் குணம் ஐந்து வருடமாவது இருந்திருக்க வேண்டும். 25 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். இப்படிக் கேட்டபோது, மற்ற மனநோய்களில் கிடைக்கிற அளவுக்கு இதிலும் டாக்டர்கள் ஒத்துப்போனார்கள்.

குறை முழுவதும் நோயில் இல்லை, கேட்கிற முறையிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அப்படிக் கேட்க ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் ஆகும். எங்கள் ஓ.பி.யில் காலை எட்டு மணிக்கே வராந்தா நிறைந்திருக்கும். எந்த டாக்டரையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் வீட்டுக்குப் போகிற நேரத்தையும் பார்த்தவன் நான்.

பெயர் தவறினால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 1988ல் பிரிட்டனில் ஓர் ஆய்வு. மனநல மருத்துவர்களுக்கு ஒரு நோயாளியின் கதையை எழுதிக் கொடுத்தார்கள். சிலருக்குக் கொடுத்த தாளில் மட்டும், "முன்பு ஆளுமைக் கோளாறு என்று கணிக்கப்பட்டவர்" என்று ஒரு வரி கூடுதல். அந்த ஒரு வரியைப் படித்தவர்கள் அதே நோயாளியை எரிச்சலூட்டுபவர், கவனத்தை இழுக்கப் பார்ப்பவர், அவ்வளவு அக்கறைக்கு உரியவர் அல்ல என்று மதிப்பிட்டார்கள். அடுத்த வருடமே அமெரிக்காவில் இன்னொன்று. 354 உளவியலாளர்களுக்கு ஒரே மாதிரியான கதை, ஆணா பெண்ணா என்பதை மட்டும் மாற்றி. பெண் என்றால் நாடகத்தனமான ஆளுமை என்று எழுதுவதும், ஆண் என்றால் சமூக விரோத ஆளுமை என்று எழுதுவதும் கூடியது.

நான் சொன்ன அந்தப் பெண்ணின் கோப்பிலும் இதைக் கண்ணால் பார்த்தேன். இரண்டாம் சேர்க்கைக்குப் பிறகு, ஓர் இரவு அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். பழைய கோப்பைக் கேட்டார்கள், எடுத்துக்கொண்டு போனேன். முதல் பக்கத்தைப் புரட்டிய இளம் டாக்டர், "ஓ, பர்சனாலிட்டி கேஸா" என்று மூடி வைத்தார். அதற்குப் பிறகு அவளிடம் யாரும் அதிகம் பேசவில்லை. சிகிச்சை செய்தார்கள், குறையில்லை. ஆனால் அந்த வார்த்தைக்குப் பிறகு அந்த அறையின் முகம் மாறியதை வாசலில் நின்ற நானும் பார்த்தேன், அவள் அம்மாவும் பார்த்தார்.

கொஞ்ச நாளில் கணவர் வீட்டு வக்கீல் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அவருக்கு இரண்டாம் கோப்பின் கடைசிப் பக்கம் மட்டும் வேண்டும். கோர்ட் உத்தரவு இல்லாமல் தர முடியாது என்று சொல்லி அனுப்பினோம். பிறகு சம்மன் வந்தது. மூன்று கோப்பையும் ஒரே கட்டாகக் கட்டித்தான் அனுப்பினோம், ஒன்றைத் தனியே பிரித்து அனுப்பவில்லை. இந்து திருமணச் சட்டத்தில் மனக்கோளாறு விவாகரத்துக்கு ஒரு காரணம்தான். ஆனால் 1988ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நோயின் பெயரை மட்டும் சொன்னால் போதாது, சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டாக்டர்கள் பல வருடம் கழித்து வந்து சேர்ந்த இடத்துக்கு நீதிபதிகள் முன்பே வந்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் வழக்கு தீர்ப்பு வரை போகவில்லை. இரு தரப்பும் பேசி முடித்துக்கொண்டார்கள் என்று அம்மா பின்னால் வந்து சொன்னார். மகள் தையல் வேலை செய்கிறாள், மாதம் ஒருமுறை சீஃபிடம் வந்து போகிறாள் என்றும் சொன்னார்.

டாக்டர்கள் வந்து சேர்ந்த இடம் என்று சொன்னேன் அல்லவா? 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி. பதினொன்றாம் பதிப்பில் ஆளுமைக் கோளாறின் பழைய வகைப் பெயர்கள் ஏறக்குறைய எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான், எவ்வளவு கடுமை? லேசானது, நடுத்தரம், கடுமையானது. அதற்குப் பிறகு வேண்டுமானால் எந்தக் குணம் தூக்கலாக இருக்கிறது என்று சேர்த்துக்கொள்ளலாம். பார்டர்லைன் என்ற குறிப்புக்கு மட்டும் ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். நான் எண் போட்ட காலத்தில் 301க்குக் கீழே இருந்த அத்தனை உட்பிரிவுகளும் போய்விட்டன என்று அண்ணன் மகள் சொன்னபோது, ஒரு பழைய அலமாரியைக் காலி செய்த மாதிரி இருந்தது.

இதெல்லாம் இப்போது எதற்கு என்றால், என்னோடு காலையில் நடக்க வருகிற நண்பர் ஒருவர் போன மாதம் கோபமாக இருந்தார். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பேரனை இரண்டு டாக்டர்களிடம் காட்டியிருக்கிறார்கள். ஒருவர் பார்டர்லைன் என்கிறார், இன்னொருவர் பைபோலார் என்கிறார். "ரெண்டு பேருக்கும் தெரியல சார். பணம் போனதுதான் மிச்சம். எல்லாத்தையும் நிறுத்திட்டு, ஊர்ப் பக்கம் கூட்டிட்டுப் போயிடலாம்னு இருக்கேன்" என்றார்.

இரண்டு தாளையும் கொண்டுவரச் சொன்னேன். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தோம். தூக்கமில்லை, திடீர்க் கோபம், கல்லூரியை விட்டது, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது. இரண்டிலும் ஒரே விவரங்கள். இரண்டு பேரும் கடுமையானது என்றே எழுதியிருந்தார்கள். தனியாக விட வேண்டாம், வாரம் ஒருமுறை வர வேண்டும் என்பதும் இரண்டிலும் இருந்தது. "பேரைத் தவிர எல்லாத்துலயும் ஒத்துப் போயிருக்காங்களே சார்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

பெயரே முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. பைபோலார் என்றால் மருந்துதான் முதல் துணை. பார்டர்லைன் என்றால் முறையாகப் பேசிச் செய்கிற சிகிச்சைதான் முதல். அதனால் பெயரைச் சரியாகக் கண்டுபிடிக்க டாக்டருக்கு நாம் உதவ வேண்டும். நண்பரிடம் அண்ணன் மகள் சொன்னபடி நான்கு காரியம் செய்யச் சொன்னேன். எந்த வயதில் தொடங்கியது, வீட்டிலும் வெளியிலும் எப்படி இருந்தான், நன்றாக இருந்த மாதங்கள் எவை என்று ஒரு நோட்டில் தேதி வாரியாக எழுதுங்கள். பையனிடம் கேட்டுவிட்டு, அவனோடு வளர்ந்த ஒருவர் டாக்டரிடம் தனியே பேசுங்கள். பழைய தாள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள், பிடித்ததை மட்டும் காட்டாதீர்கள். டாக்டரிடம், "இந்தப் பெயரை எதை வைத்துச் சொல்கிறீர்கள், அடுத்த ஆறு மாதத்தில் எதைப் பார்த்தால் மாற்றுவீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். நண்பரும் அவர் சம்சாரமும் நோட்டோடு போனார்கள். முக்கால் மணி நேரம் கேட்டாராம். பேரன் இப்போது வாராவாரம் போய்க்கொண்டிருக்கிறான். எந்தப் பெயர் நிலைத்தது என்று நான் கேட்கவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 2017ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவருக்கு மனநோய் உண்டா என்பதை ஏற்றுக்கொள்ளப்பட்ட மருத்துவ அளவுகோல்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்கிறது. ஊர் வழக்கத்துக்கும் குடும்ப வழக்கத்துக்கும் ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து யாரையும் மனநோயாளி என்று சொல்லக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. முன்பு ஒரு காலத்தில் சிகிச்சை எடுத்தார் என்பது மட்டும் இப்போது நோய் இருப்பதற்குச் சான்று ஆகாது. தன் மருத்துவப் பதிவேடுகளைப் பார்க்கவும் நோயாளிக்கு உரிமை உண்டு. அந்த அம்மா எங்கள் ஜன்னலில் நின்ற காலத்தில் இப்படி ஒரு சட்டம் இல்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஒரு தாள் வந்தால், முதலில் தேதியையும் கையெழுத்தையும் பாருங்கள். அந்த நாளில், அந்த மனிதர், அத்தனை நேரத்தில் கண்டதை எழுதியிருக்கிறார். அதற்கு மேலும் இல்லை, அதற்குக் கீழும் இல்லை. தாளைக் கிழித்துப் போட வேண்டாம். பெண் கேட்டு வருகிறவர்களிடமும் சொந்தக்காரர்களிடமும் காட்டிக்கொண்டு திரியவும் வேண்டாம். ஒரு ஃபைல் வாங்கி, தேதி வாரியாகக் கோத்து வையுங்கள். அடுத்த தடவை போகும்போது கையில் எடுத்துக்கொண்டு போங்கள். முப்பத்து மூன்று வருடம் அந்த வேலையைச் செய்தவன் சொல்கிறேன், ஒழுங்காக வைத்த கோப்பு பல நேரம் டாக்டருக்கே வழி காட்டும்.